பிங் போகிறது, ஃபைல் போகவில்லை: பாக்கெட் ஃபில்டர் கட்டுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பாடாங் செராய், லூனாஸ் வட்டாரத்துப் பிள்ளைகள் பலர் கூலிம் ஹைடெக் பார்க்கில் டெக்னீஷியன்களாக இருக்கிறார்கள். வேலை முடிந்து வந்து, பழைய கம்ப்யூட்டரில் இரண்டு போர்ட் உள்ள நெட்வொர்க் கார்டைச் செருகி, லினக்ஸ் ஏற்றி, தோட்ட ஆபீசுக்கும் டியூஷன் சென்டருக்கும் ஃபில்டர் பெட்டி கட்டிக் கொடுக்கிறார்கள். ஒரு போர்ட்டில் பாக்கெட்டுகளாக, அதாவது சிறு துண்டுகளாக, வரும் தரவை வாங்கி, வேண்டாததைத் தள்ளி, மீதியை அடுத்த போர்ட்டில் அனுப்பும் பெட்டி. நல்ல வேலைதான். ஆனால் இவர்களுக்கு முன்னால் இதே வேலையைப் பழகியவர்கள் விழுந்த அதே குழிகளில்தான் இவர்களும் விழுகிறார்கள்.

விதிகளை வரிசை மாற்றி எழுதுவது, தொலைவிலிருந்து பெட்டிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியைத் தானே அடைத்துக்கொண்டு வெளியே நிற்பது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. ஒரு முறை பட்டால் அதெல்லாம் தானாகவே வந்துவிடும். பட்டும் தெரியாமல் போகிற தவறுகளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

கார்டு சேர்த்துக் கொடுக்கும் பாக்கெட்டை நம்புவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். காசும் நேரமும் இவ்வளவு விழுங்கிய தவறு வேறு இல்லை.

ஒரு செம்பனை எண்ணெய் ஆலையின் ஆபீஸ். ரவுட்டருக்கும் ஸ்விட்சுக்கும் நடுவில் ஒரு பெட்டி. அதில் சூரிகாட்டா என்ற ஃபில்டர் மென்பொருள், பாக்கெட்டைக் கெர்னலிடமிருந்து (லினக்ஸின் மையப் பகுதி) நேரே எடுக்கும் ஏஎஃப்-பாக்கெட் முறையில், இரண்டு போர்ட்டுகளையும் பாலமாக்கி ஓடிக்கொண்டிருந்தது. கிராணி (ஆபீஸ் கிளார்க்) சொன்ன குறை இதுதான்: "வாட்ஸ்அப் போகுது தம்பி, பேங்க் பக்கமும் தொறக்குது. சம்பள ஃபைல் மட்டும் ஏறவே மாட்டேங்குது. அதுவும் மழை பெஞ்சாதான் இப்படி."

மழை என்ற சொல்லைக் கேட்டதும் எல்லோரும் கேபிளைப் பார்க்கக் கிளம்பினார்கள். கூரையோரம் போன கேபிளை மாற்றினார்கள். லைன்காரர் வந்து அளந்து பார்த்துவிட்டு, கோளாறு இல்லை என்றார். அப்புறம் புது ரவுட்டர் வாங்கினார்கள். ஒவ்வொரு முறையும் பெட்டியைக் கட்டிய தம்பி பிங் (மறுமுனை பதில் சொல்கிறதா என்று பார்க்கும் சிறு சோதனை) போட்டுக் காட்டினார். ஒரு பாக்கெட்கூட விழவில்லை, "லைன் நல்லாத்தான் இருக்கு" என்றார்.

கோளாறு அந்தப் பெட்டிக்குள் இருந்தது. அதன் பெயர் ஜிஆர்ஓ. ஒரே டிசிபி இணைப்பில் அடுத்தடுத்து வரும் பாக்கெட்டுகளை லினக்ஸ் கெர்னல் ஒன்றாகச் சேர்த்து, 64 கிலோபைட் வரை ஒரே பெரிய பாக்கெட்டாக மேலே கொடுக்கும். எல்ஆர்ஓ என்பது இதையே கார்டுக்குள் செய்வது. தரவைத் தானே வாங்கிக்கொள்ளும் சர்வருக்கு இது பெரிய உதவி. பத்து முறை செய்ய வேண்டிய வேலை ஒரே முறையில் முடிந்துவிடும். ஆனால் வாங்கியதை அப்படியே அடுத்த போர்ட்டில் எழுத நினைக்கும் பெட்டியில் என்ன ஆகும்? அந்தப் போர்ட்டின் எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட்டுக்கு உள்ள உச்ச அளவு, 1500 பைட். அதைவிடப் பெரிய பாக்கெட்டைக் கெர்னல் ஏற்காமல் பிழை திருப்பும், பாக்கெட் அங்கேயே போய்விடும்.

பிங் சிறியது, சேர்க்கப்படாது. வாட்ஸ்அப் செய்தியும் சிறியது. பெரிய ஃபைல் ஏறும்போதுதான் பாக்கெட்டுகள் வரிசையாக வரும், ஒட்டிக்கொள்ளும், விழும். அனுப்புகிற கம்ப்யூட்டர் வேகத்தைக் குறைத்து ஒவ்வொன்றாகத் திரும்ப அனுப்பினால், தனியாக வந்தது மட்டும் தாண்டிப் போகும். அதனால்தான் முழுதாக நிற்காமல், சாகாமலும் பிழைக்காமலும் இழுத்துக்கொண்டே கிடக்கும். முழுதாக நின்றிருந்தால் அன்றைக்கே கண்டுபிடித்திருப்பார்கள்.

சரி, மழைக்கும் இதற்கும் என்ன தொடர்பு? முன்பு யாரோ, கார்டின் அமைப்பை மாற்றும் எத்டூல் கட்டளையில் ஜிஆர்ஓவை அணைத்து வைத்திருந்தார்கள். ஆனால் எத்டூல் செய்யும் மாற்றம் பெட்டி மறுபடி எழும்போது நிற்காது. மதியம் இடி இடித்துக் கரண்ட் போய் வந்தால் பெட்டியும் எழும், ஜிஆர்ஓவும் கூடவே எழும்.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். போகிற வருகிற பாக்கெட்டுகளைப் பதிவு செய்யும் டிசிபிடம்ப் எடுத்துத்தான் வைத்திருந்தார்கள். அதில் 2962 பைட் ஃபிரேம்கள் வரிசையாகத் தெரிந்தன. சாதாரண ஈதர்நெட் ஃபிரேம், இறுதிச் சரிபார்ப்பை விட்டுவிட்டால், 1514 பைட்தான். 2962 எங்கிருந்து வந்தது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. இரண்டு பாக்கெட் ஒட்டினால் சரியாக அந்த அளவுதான் வரும். உங்கள் பெட்டியில் 1514-ஐத் தாண்டிய எண் தெரிந்தால், கேபிளைத் தொடாதீர்கள். முதலில் ஜிஆர்ஓ, எல்ஆர்ஓ, டிஎஸ்ஓ, ஜிஎஸ்ஓ (பின்னிரண்டும் அனுப்பும் பக்கத்தில் பெரிய பாக்கெட்டைக் கடைசியில் பிரிப்பவை) நான்கையும் இரண்டு போர்ட்டிலும் பாருங்கள். அணைப்பதை, பெட்டி எழும்போது லினக்ஸ் படிக்கும் சிஸ்டம்டியின் லிங்க் ஃபைலில் எழுதிவையுங்கள். அப்புறம் பெட்டியை ஒருமுறை அணைத்து எழுப்பி, திரும்பவும் பாருங்கள்.

நிரல் கார்டோடு நேராகப் பாக்கெட் பரிமாற உதவும் நெட்மேப்பைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இதன் இன்னொரு முகம் உண்டு. பாக்கெட் கெடாமல் வந்ததா என்று சரிபார்க்கும் செக்சம் கணக்கை முடிக்கும் வேலையைக் கெர்னல் கார்டிடம் விட்டுவிடும். கெர்னல் வழியே வரும் பாக்கெட்டை நெட்மேப் எடுத்துக் கார்டிடம் கொடுக்கும்போது, கணக்கை முடிக்கும்படி கார்டுக்கு யாரும் சொல்வதில்லை. பிங்கின் செக்சம் மென்பொருளிலேயே போடப்படுவதால் பிங் போகும். டிசிபி முதல் பாக்கெட்டிலேயே செத்துவிடும். டிசிபிடம்பில் "செக்சம் தவறு" என்று வருவது எல்லாக் கம்ப்யூட்டரிலும் வழக்கம்தான், கண்டுகொள்ளாதே என்று சொல்லிக் கொடுத்து வளர்த்த பிள்ளைகள், அது உண்மையாகவே தவறாக இருக்கும் இந்த ஓர் இடத்திலும் கண்டுகொள்வதில்லை.

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. நான் சொன்னதைக் கேட்டு, கெர்னலின் சொந்த ஃபில்டரான என்எஃப்டேபிள்ஸ் வைத்துக் கெர்னலே பாக்கெட்டைக் கடத்தும் பெட்டியிலும் ஜிஆர்ஓவை அணைத்துவிடுகிறார்கள். அங்கே அணைக்கக் கூடாது. கெர்னல் சேர்த்ததை வெளியே விடும்போது அதுவே பிரித்துவிடும். அணைத்தால் வேகம்தான் குறையும். எல்ஆர்ஓ மட்டும் அங்கே ஆகாது. பாக்கெட்டைக் கடத்தச் சொன்னதும் கெர்னலே அதை அணைத்துவிடும்.

ஜிகாபிட்டை மட்டும் அளப்பது

வேகம் அளக்கும் ஐபெர்ஃப் கருவியை ஓட்டி, 9.4 ஜிகாபிட் வருகிறது என்று படம் எடுத்து அனுப்புகிறார்கள். அது முழு அளவுப் பாக்கெட்டில் வரும் எண். ஃபில்டருக்குப் பாக்கெட்டின் நீளம் பெரிய பாரமில்லை, எண்ணிக்கைதான் பாரம். 10 ஜிகாபிட் வழியில் 1518 பைட் ஃபிரேம்கள் நொடிக்கு 8 லட்சத்துச் சொச்சம்தான். 64 பைட் ஃபிரேம்களோ, முன்னும் பின்னும் சேரும் 20 பைட்டையும் கணக்கிட்டால், நொடிக்கு 14.88 மில்லியன். ஒரு பாக்கெட்டுக்கு 67.2 நானோநொடி, 3 கிகாஹெர்ட்ஸ் சிபியூவில் சுமார் 200 துடிப்பு. கேஷில் (சிபியூவின் உள் நினைவகம்) இல்லாத ஒன்றைத் தேடி மெமரிக்கு ஒருமுறை போய் வந்தாலே அந்த நேரம் கிட்டத்தட்டத் தீர்ந்துவிடும்.

அந்த வேகம் முடியாதது அல்ல. பீசா பல்கலைக்கழகத்தின் லூயிஜி ரிட்சோ, 900 மெகாஹெர்ட்ஸில் ஓடிய ஒரே சிபியூ கோரை வைத்து நெட்மேப்பில் 14.88 மில்லியனைத் தொட்டு 2012-இல் கட்டுரை வெளியிட்டார். உங்கள் பெட்டி எவ்வளவு தாங்கும் என்பதைக் கெர்னலின் பிகேடிஜென் போன்ற கருவியால் சிறு பாக்கெட் அடித்துப் பாருங்கள். அடிக்கும்போது கார்டு தவறவிட்ட பாக்கெட்டுகளின் 'மிஸ்டு' கணக்கு ஏறுகிறதா என்பதையும் கவனியுங்கள்.

பெட்டியை ரவுட்டருக்கு வெளிப்பக்கம் வைப்பது

நம் ஊரில் இது தனித் தொல்லை. யூனிஃபை ஃபைபரில் இணையம் வி-லேன் 500-இல் (ஒரே கம்பியில் எண்ணிட்டுப் பிரித்த தனி வழி), பிபிபிஓஇ என்ற டயல் முறையின் உறைக்குள் வருகிறது. பாக்கெட்டுகளைப் பல கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஆர்எஸ்எஸ், பல கார்டுகளில் அந்த உறைக்குள் இருக்கும் ஐபி முகவரியைப் பார்க்காது. எல்லாம் ஒரே வரிசையில் விழும். ஒரு கோர் நூறு சதவீதத்தில் திணறும், மற்றவை சும்மா இருக்கும். கூடவே, கார்டு வி-லேன் அடையாளத்தைக் கழற்றிவிட்டால், அது இல்லாமலே பாக்கெட்டை மறுபக்கம் அனுப்பும் ஃபில்டரும் உண்டு. ரவுட்டர் டயல் ஆகவே ஆகாது.

முடிந்தவரை பெட்டியை ரவுட்டருக்கு உள்பக்கம் வையுங்கள். வெளியேதான் வைத்தாக வேண்டும், கெர்னல்தான் பாக்கெட்டைக் கடத்துகிறது என்றால் ஆர்பிஎஸ்ஸைப் (கார்டுக்குப் பதில் கெர்னலே கோர்களுக்குப் பிரிப்பது) போடுங்கள். லினக்ஸ் அந்த உறைக்குள் பார்த்துப் பிரித்துவிடும்.

ஐசிஎம்பி முழுவதையும் அடைப்பது

ஐசிஎம்பி என்பது பிங்கும் பிழைச் செய்திகளும் போகும் வழி. அடைக்காதீர்கள். பிபிபிஓஇ-இல் எம்டியூ 1492. "பெரிசா இருக்கு, சின்னதாக்கு" என்று சொல்ல வருவதே ஐசிஎம்பிதான்.

எக்ஸ்டிபி போட்டும் வேகம் வரவில்லை என்பது

எக்ஸ்டிபி என்பது பாக்கெட்டைக் கார்டின் டிரைவரிலேயே ஃபில்டர் செய்யும் முறை. ஐபி லிங்க் கட்டளை காட்டும் வரியில் எக்ஸ்டிபிஜெனரிக் என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் உங்கள் டிரைவர் உதவவில்லை. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் ரியல்டெக் கார்டுகளின் ஆர்8169 டிரைவர் அந்த ரகம்.

ரிங்கை 4096 ஆக்கிவிட்டு வீட்டுக்குப் போவது

ரிங் என்பது கார்டில் வந்த பாக்கெட்டுகள் காத்திருக்கும் வரிசை. சிபியூ போதாத இடத்தில் அதைப் பெரிதாக்கினால் தாமதம்தான் கூடும்.

ஒரு முகவரிக்கு ஒரு விதி

டியூஷன் சென்டருக்காகச் சூதாட்டத் தளங்களை அடைக்கிறேன் என்று, ஆயிரக்கணக்கான முகவரிகளுக்கு ஆயிரக்கணக்கான விதிகளை லினக்ஸின் பழைய ஃபில்டரான ஐபிடேபிள்ஸில் எழுதுகிறார்கள். அதில் எதிலும் பொருந்தாத நல்ல பாக்கெட்தான் கடைசி விதி வரை நடந்தாக வேண்டும். என்எஃப்டேபிள்ஸ் 2014-இல் லினக்ஸ் 3.13-உடன் வந்துவிட்டது. முகவரிகளை ஒரு செட்டில் போட்டு ஒரே விதி எழுதினால், ஒரே தேடலில் முடியும்.

பட்டியலைப் புதுப்பிக்கும் விதமும் முக்கியம். ஸ்கிரிப்ட் முதலில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒவ்வொன்றாகச் சேர்த்தால், அந்த இடைவெளியில் பெட்டி திறந்தே கிடக்கும். அழிக்கும் வரியும் புதுப் பட்டியலும் ஒரே ஃபைலில் இருக்கட்டும், அதை என்எஃப்டியின் (என்எஃப்டேபிள்ஸின் கட்டளை) எஃப் விருப்பத்தில் ஏற்றுங்கள். முழுதாக ஏறும், அல்லது பிழை சொல்லிப் பழையதை அப்படியே விட்டுவிடும்.