தளி பனியில மேகத்துளி அளக்கலாம் வாங்க

டிசம்பர், ஜனவரியில தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் காலையில எறங்குற பனி வேற ஒண்ணுமில்லீங்க, தரையில படுத்திருக்கிற மேகம்தான். ப்ளேன் இறக்கையில ஐஸ் புடிக்குறத டெஸ்ட் பண்றவங்க லேசர் கருவி வர்றதுக்கு முன்னாடி மேகத்துளிய எண்ணெய் தடவுன கண்ணாடியில புடிச்சுதான் அளந்தாங்க, அந்த வேலைய நாம இங்கயே பழகிக்கலாம். ஐஸ் மட்டும் கிடைக்காது, நம்ம ஊருக்கு மேல உறைநிலை சுமார் 5 கிலோமீட்டர் ஒசரத்துல இருக்கு.

மைக்ரோஸ்கோப் ஸ்லைட 3 மில்லிமீட்டர் பட்டையா வெட்டிக்கங்க. அகலமா இருந்தா காத்து பிரிஞ்சு போறப்போ சின்னத் துளிங்களையும் சேத்து இழுத்துட்டுப் போயிடும், கண்ணாடியில பெருசு மட்டும்தான் ஒட்டும். வாசலினும் பேபி ஆயிலும் கலந்து மெல்லிசா தடவுங்க. தேங்காய் எண்ணெய் வேணாம், அந்தக் குளிருல உறைஞ்சுடும். துளி எண்ணெய்க்குள்ள முங்குனாதான் உருண்டையா நிக்கும், சீக்கிரம் ஆவியாகாது.

பட்டைய ஒரு நீளக் குச்சி நுனியில மாட்டி பனிக்குள்ள வேகமா ஒரே ஒரு வீச்சு. ரெண்டாவது வீச்சு போட்டா துளி மேல துளி விழுந்து ஒண்ணா சேந்துக்கும். ப்ளேன்ல நொடிக்கு 100 மீட்டர் வேகத்துல போறப்போ நொடியில நூத்துல ஒரு பங்கு நேரம் வெளிய காட்டுனாலே 1 மீட்டர் நீளத்துக்குக் காத்து கண்ணாடி மேல வந்துடும், நம்ம வீச்சும் ஏறக்குறைய அவ்ளோதான். மைக்ரோஸ்கோப்ப வீட்டுக்குள்ள வைக்காதீங்க, திண்ணையிலயே வச்சு உடனே மொபைல்ல போட்டோ எடுங்க, சூடு பட்டா துளி சுருங்கிடும். 1 மில்லிமீட்டர 100 கோடா பிரிச்ச அளவுக் கண்ணாடிய அதே லென்ஸ்ல ஒரு போட்டோ எடுத்துக்கிட்டா எத்தன பிக்சல் எத்தன மைக்ரான்னு (மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) தெரிஞ்சுடும்.

இப்போ கணக்கு, முக்கால்வாசி பேரு கோட்டை விடுறது இங்கதான். 10 மைக்ரான்ல 90 துளி, 30 மைக்ரான்ல 10 துளின்னு வச்சுக்கங்க. சராசரி 12 வரும், ஆனா அத நம்பாதீங்க. துளியில இருக்கிற தண்ணி விட்டத்தோட கனத்துல (விட்டம் பெருக்கல் விட்டம் பெருக்கல் விட்டம்) ஏறுது: 90 பெருக்கல் 1,000 போட்டா 90,000, 10 பெருக்கல் 27,000 போட்டா 2,70,000. அந்தப் பத்து துளிக்குள்ளயே முக்கால் பங்கு தண்ணி இருக்கு, இறக்கையில போய் மோதுறதும் பெருசுங்கதான். அதனாலதான் ஐசிங் சர்டிபிகேஷன்ல, அதாவது ஐஸ் புடிக்குற மேகத்துல ப்ளேன் பறக்கலாம்னு சான்று குடுக்குறப்போ, சராசரி விட்டத்த விட்டுட்டு மொத்தத் தண்ணியில பாதி எந்த விட்டத்துக்கு மேல இருக்குன்னு பாக்குறாங்க. இங்க அது 30. படலமா பரவியிருக்கிற மேகத்துக்கு அமெரிக்க விதி வச்சிருக்கிறது 15லருந்து 40 மைக்ரான்.

இப்பத்த லேசர் கருவியும் இதேதான், துளி சிதறடிக்கிற வெளிச்சத்த வச்சு 2லருந்து 50 மைக்ரான் வரைக்கும் எண்ணும். கண்ணாடி மணிய ஊதி அளவு சரிபாப்பாங்க, கண்ணாடியும் தண்ணியும் ஒளிய ஒரே மாதிரி வளைக்காது, அதுக்குத் திருத்தம் போடணும். லேசர் பாக்குற பரப்பு 0.3 சதுர மில்லிமீட்டர், வேகம் 100 மீட்டர்னா நொடிக்கு 30 கன சென்டிமீட்டர் காத்து. 6,000 துளி எண்ணுச்சுன்னா கன சென்டிமீட்டருக்கு 200. வேகம்னு நான் சொல்றது உண்மையான காத்து வேகம், பைலட் முன்னாடி இருக்கிற மீட்டர் காட்டுறத அப்படியே போட்டுடாதீங்க, 5 கிலோமீட்டர் ஒசரத்துல அது வேகத்தக் கம்மியாக் காட்டும், அதனால எண்ணிக்கைய கிட்டத்தட்ட 30 சதவீதம் ஏத்திக் காட்டிடும்.