பழைய கான்கிரீட் தளம்: ஒட்டுப்போட்டால் போதுமா, உடைத்துப் போடணுமா?

முப்பது வருடம் தாண்டிய வீட்டில் சீலிங் உதிர ஆரம்பித்தால் பெரும்பாலும் கிடைக்கிற யோசனை, மேலே புதுத் தட்டோடு (மாடியில் பதிக்கும் தட்டையான ஓடு), கீழே ஒரு பூச்சு. பல வீடுகளில் இரண்டுமே வீண்செலவு. ஒழுகுவது வேறு, உள்ளே கம்பி துருப்பிடித்துத் தளம் வலுவிழப்பது வேறு. முடிவைச் சொல்ல வேண்டியது கம்பிதான்.

ஒழுகலைக் கண்டுபிடிக்க, மழைநீர்க் குழாய் வாயைத் துணியால் அடைத்து மாடியில் 2 அங்குலம் தண்ணீரை 24 மணி நேரம் கட்டி வைக்கலாம். கம்பி வெளியே தெரிகிற தளத்தில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். 1,000 சதுர அடியில் அந்தத் தண்ணீரே கிட்டத்தட்ட 4.7 டன். கசிவு கைப்பிடிச் சுவர் அடியிலோ, குழாயைச் சுற்றியோ, தண்ணீர்த் தொட்டி காலடியிலோ மட்டும் இருந்து, சீலிங் கெட்டியாக இருந்தால் தளத்தைத் தொடவே வேண்டாம். அந்த இடங்களைச் சரிசெய்து, தண்ணீர் வடியும் வாட்டம் (சரிவு) குறைந்தது 100 அடிக்கு 1 அடி இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து சுத்தியல். சீலிங்கில் சாக்பீஸால் 2 அடிக் கட்டங்கள் போட்டு ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். கணீரென்றால் நல்லது, டொப்பென்றால் உள்ளே கான்கிரீட் பிடிப்பு விட்டுவிட்டது. துரு, இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் பிடிப்பதால் கீழே இருக்கும் கான்கிரீட்டைப் பாளமாகத் தள்ளுகிறது. டொப்பென்ற கட்டங்களை எண்ணுங்கள். பத்தில் ஒன்று என்றால் ஒட்டு வேலை. மூன்றில் ஒன்றைத் தாண்டினால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடாமல் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள்.

மோசமான கட்டத்தில் கம்பியைத் திறந்து, கம்பி பிரஷ்ஷால் பளபளக்கத் தேய்த்து, வெர்னியரால் (கம்பித் தடிமனைத் துல்லியமாக அளக்கும் கருவி) அளக்க வேண்டும். 8 மி.மீ. கம்பி 7 மி.மீ. ஆகியிருந்தால் ‘ஒரு மில்லிதானே’ என்பார்கள். குறுக்குப் பரப்பில் 23 சதவீதம் போயிருக்கும்! அந்த அளவுக்கு வந்துவிட்டால் பூச்சு உதவாது. கூடுதல் கம்பி கட்ட வேண்டும், அல்லது அந்தப் பகுதியை மாற்ற வேண்டும்.

ஒட்டு வேலையில் கொத்தனார்கள் தவிர்க்கிற படி ஒன்று உண்டு: கம்பிக்குப் பின்னாலும் 20 மி.மீ. கொத்துவது. கம்பியின் முதுகில் துரு இருந்தால் ஒட்டு அடுத்த மழைக்கே விழும். முட்டுக் கொடுத்து, கொத்தி, துருவை நீக்கி, கம்பிக்கு ஜிங்க் பிரைமர் (துரு தடுக்கும் பூச்சு) அடித்து, பாலிமர் சேர்த்த சிமென்ட் கலவையை 10 முதல் 15 மி.மீ. படலங்களாக ஏற்றி, பாக்கெட்டில் சொல்லியபடி ஈரம் காக்க வேண்டும். வெறும் சிமென்ட் மணல் பூச்சு இதற்குப் பதிலாகாது.

கட்டும்போது உப்புத் தண்ணீரோ கடல் மணலோ கலந்த வீடுகளில் இந்த ஒட்டு வேலையும் நிற்பதில்லை. ஒட்டின ஓரத்தைத் தாண்டி அடுத்த கட்டம் பெயரும்; ஒட்டு நன்றாகவே இருக்கும், சுற்றியுள்ள கம்பி இன்னும் வேகமாகத் துருப்பிடிக்கும். கான்கிரீட்டைத் துளைத்து எடுத்த பொடியில் குளோரைடு (உப்பின் அளவு) சோதித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அதிகமாக இருந்தால் மாற்றுவதே மலிவு.

மாடியில் பழைய தட்டோட்டின் மேலேயே புதுக் கலவை போடச் சம்மதிக்காதீர்கள். 1 அங்குலக் கலவை சதுர அடிக்குச் சுமார் 5 கிலோ. இரண்டு அங்குலம் என்றால் 1,000 சதுர அடிக்கு 10 டன், அதுவும் இளைத்த கம்பியின் தலையில்.

மாற்றுவதென்றால் அறை அறையாகத்தான் எடுக்க வேண்டும். செங்கல் சுவர் வீட்டில் சுவர்களின் தலையைப் பிடித்திருப்பதே தளம்தான். தண்ணீர்த் தொட்டியையும் கைப்பிடிச் சுவரையும் முதலில் இறக்குங்கள். பக்கத்து அறைத் தளம் நல்ல நிலையில் இருந்தால் அதன் கம்பியை வெட்டாமல், 8 மி.மீ. கம்பிக்கு 40 செ.மீ. வெளியே விட்டுப் புதுக் கம்பியோடு சேர்த்துக் கட்டலாம். பங்குனியில் தொடங்கினால் ஐப்பசி மழைக்கு முன் தட்டோடு வரை முடியும்.