மார்மோசெட் குரங்குக்கு மஜ்ஜைக் கோளாறா? ஊசியை எடுக்கும் முன்

பிரேசிலின் வடகிழக்கைச் சேர்ந்த மார்மோசெட் வளர்ந்தாலே 300 முதல் 400 கிராம்தான், உடம்பில் ஓடும் மொத்த ரத்தமே சுமார் 25 மில்லி. ஆகவே ஈறு வெளுத்திருக்கிறது, வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள் தெரிகின்றன, கிளையில் ஏறாமல் ஓரமாகக் குந்தியிருக்கிறது என்றதும், ரத்த அணுக்கள் உருவாகும் எலும்பு மஜ்ஜையை எடுக்க ஊசியால் குத்தப் போகாதீர்கள். கூண்டில் வளரும் மார்மோசெட்டுக்குக் குடல் நோயாலும் எடை குறைந்து சோகை வரும், உண்மையில் அதுதான் அதிகம்.

முதலில் ரத்தம். தொடைச் சிரையிலிருந்து அரை மில்லி போதும், ரத்தம் உறையாமல் தடுக்கும் இடிடிஏ மருந்துள்ள, குழந்தைகளுக்கான சின்னக் குழாயில் பிடியுங்கள். ஊசி முனையில் நிற்கும் துளியை வீணாக்காமல் அங்கேயே இரண்டு ஸ்லைடில் இழுத்து, காற்றில் காயவிடுங்கள். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணு குறைவு என்று மெஷின் சொன்னால் உடனே நம்பாமல், ஸ்லைடில் இழுத்த ரத்தப் பூச்சின் மெலிந்த ஓரத்தில் தட்டணுக்கள் கட்டிக்கட்டியாக ஒட்டியிருக்கின்றனவா என்று பாருங்கள், ஒட்டியிருந்தால் மெஷின் குறைத்து எண்ணியிருக்கும்.

அப்புறம் ரெட்டிகுலோசைட், அதாவது மஜ்ஜையிலிருந்து புதிதாக வந்த இளம் சிவப்பணு. சோகையோடு அது ஏறியிருந்தால் மஜ்ஜை வேலை செய்கிறது, ரத்தம் வேறெங்கோ கசிகிறது அல்லது அழிகிறது. சில நாள் கழித்தும் ஏறாமல், வெள்ளணுவும் தட்டணுவும் சேர்ந்தே குறைந்தால்தான் மஜ்ஜை மேல் சந்தேகம் வலுக்கும். முதிராத அணுக்கள் ரத்தத்தில் தென்பட்டால் புற்றுநோயையும் யோசிக்க வேண்டும்.

குத்தியே ஆக வேண்டுமென்றால் முழு மயக்கத்தில், கால்நடை மருத்துவர் கையால், தொடை எலும்பின் மேல்முனையில். சிரிஞ்சில் சிவப்பு தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள், மேலும் இழுத்தால் வருவது மஜ்ஜையல்ல, வெறும் ரத்தம். சட்டென்று உறைந்துவிடும், அதனால் ஸ்லைடைப் பக்கத்திலேயே தயாராக வைத்திருங்கள். ஒன்றுமே வராவிட்டால் மஜ்ஜை காலி என்று எழுதிவிடாதீர்கள், நார் படர்ந்திருந்தாலும் அணுக்கள் நெருக்கியடைத்திருந்தாலும் இப்படித்தான், திசுத்துண்டு எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

குரோமோசோம் பரிசோதனைக்கு அனுப்புகிறீர்கள் என்றால் இதை லேபுக்கு எழுதியே அனுப்புங்கள்: மார்மோசெட் பெரும்பாலும் இரட்டையாகப் பிறக்கும், கருவிலேயே இரண்டின் ரத்தமும் கலந்துவிடும், ஆண் குரங்கின் மஜ்ஜையில் கூடப் பிறந்த பெண் குட்டியின் அணுக்கள் இருப்பது நோயே அல்ல.

சரி, உதட்டில் ஹெர்பிஸ் புண் உள்ளவர் இந்த வேலைக்கே வேண்டாம், நமக்குச் சாதாரணமான அந்தக் கிருமி இதைக் கொன்றுவிடும்.

இறந்துவிட்டால் தாமதிக்காமல் ஒரு தொடை எலும்பைப் பிளந்து, மஜ்ஜையை மெல்லிய தூரிகையால் ஸ்லைடில் தடவுங்கள், மற்றத் தொடை எலும்பைத் திசு கெடாமல் காக்கும் ஃபார்மலினில் போடுங்கள்.