நிலநடுக்கத்துல குலுங்கினா நம்ம சரிவு மண்ணு என்ன பண்ணும்? வீட்டுலயே செஞ்சு பாக்கலாம்

கோத்தகிரி பக்கம் மண்சரிவுன்னாலே மழைதான் ஞாபகம் வரும், 2009 நவம்பர யாரும் மறக்கல, அதுல தப்பும் இல்ல. ஆனா 2002ல வந்த நிலநடுக்க வரைபடத்துல நீலகிரி மண்டலம் 3ல, அதாவது நடுத்தர ஆபத்து இருக்கற எடத்துல இருக்குங்க, இது வீடு கட்டறவங்களுக்கே நெறைய பேருக்குத் தெரியாது. 1900 பிப்ரவரி 8ல கோயம்புத்தூர் பக்கம் கிட்டத்தட்ட 6 அளவுல ஒண்ணு வந்திருக்கு. பிப்ரவரிங்கறத கவனிங்க, மலை காஞ்சு கெடக்கற மாசம். அதே குலுக்கல் ஐப்பசி அடைமழையில வந்திருந்தா மண்ணு வேற மாதிரி நடந்திருக்கும், ஏன்னு இன்னைக்கு கையால செஞ்சே பாத்துடலாம்.

ஸ்டெப் 1: மண்ணு எடுக்கறது

வீட்டுக்கு ஜேசிபி வெட்டின எடம் எங்கயாவது இருக்கும்ல, அங்க மேல கருப்பு மண்ணு, அதுக்குக் கீழ செம்மண்ணு, இன்னும் கீழ மஞ்சளும் வெள்ளையுமா கையில புடிச்சா பொடியற மண்ணு இருக்கும். பாறை மக்கி மக்கி வந்த மண்ணு அது. நமக்கு வேண்டியது அந்தப் பொடியறதுதான், ஒரு பக்கெட் போதும். சரிவோட அடிவாரத்தத் தோண்டாதீங்க, ஏற்கனவே கொட்டி வெச்ச குவியல்ல இருந்து எடுங்க.

ஸ்டெப் 2: ஹார்லிக்ஸ் பாட்டில்

மூணுல ஒரு பங்கு மண்ணு, மிச்சம் தண்ணி, பாத்திரம் கழுவற லிக்விட் ஒரு சொட்டு, மூடி போட்டு நல்லா குலுக்கி வெச்சுடுங்க. ஒரு நிமிஷத்துல அடியில உக்காந்தது மணல், ஒரு கோடு போடுங்க. ரெண்டு மணி நேரம் கழிச்சு அதுக்கு மேல படிஞ்சது வண்டல், இன்னொரு கோடு. அடுத்த நாள் தெளிஞ்சா மேல இருக்கறது களி. தோராயமான கணக்குதான். லேப்ல 0.075 மில்லிமீட்டருக்கு மேல இருந்தா மணல், அதுக்கும் 0.002க்கும் நடுவுல வண்டல்னு பிரிப்பாங்க. மணல் அதிகமா, கூட வண்டலும் நல்லா, களி கம்மியா இருந்தா அதுதான் நம்ம ஆளு.

ஸ்டெப் 3: உள்ளங்கை டெஸ்ட்

எனக்கு ரொம்பப் புடிச்சது இதுதான். மண்ண சப்பாத்தி மாவுக்கு கொஞ்சம் கூடுதலா தண்ணி விட்டுப் பெசஞ்சு உள்ளங்கையில வெச்சு, இன்னொரு கையால அந்தக் கையோட பக்கத்துல தட்டிக்கிட்டே இருங்க. மேல பளபளன்னு தண்ணி வந்து நிக்கும். விரல மடக்கி அமுக்கினா அந்தப் பளபளப்பு மறஞ்சுடும். வண்டல் கலந்த மண்ணுன்னு கண்டுபுடிக்க இன்ஜினியருங்க செய்யற டெஸ்ட்டே இதுதான், களி மண்ணுல இப்படி வராது. நிலநடுக்கத்துல நடக்கறதோட குட்டி சைஸும் இதேதான், அதனால ரெண்டு மூணு தடவை செஞ்சு பாருங்க.

ஸ்டெப் 4: ட்ரே

பழைய பிளாஸ்டிக் ட்ரே ஒண்ணு எடுத்து ஒரு ஓரத்துல ரெண்டு மூணு ஓட்டை போட்டு உள்பக்கம் பனியன் துணி வெச்சுக்கங்க. மண்ண அமுக்காம லூசா மூணு இஞ்சு கொட்டுங்க, ஓட்டை இருக்கற பக்கம் கீழ வர்ற மாதிரி சாய்ங்க, பசங்க ஜாமெட்ரி பாக்ஸ்ல பாகைமானி இருக்கும், 15 டிகிரி போதும். மேல ஒரு கல்லு வைங்க, அதுதான் வீடு.

முதல்ல காஞ்ச மண்ணோட பூரிக்கட்டையால ட்ரே பக்கத்துல தட்டுங்க, கொஞ்சம் அடங்கும், அவ்வளவுதான். அடுத்து லேசா ஈரம் பண்ணித் தட்டுங்க, கொழுக்கட்டை மாவு மாதிரி புடிச்சுக்கிட்டு நிக்கும், எங்க வீட்டுல நான் எவ்வளவு தட்டியும் அசையல. மூணாவது, மேல் பக்கத்துல இருந்து மெதுவா தண்ணி விட்டுக்கிட்டே இருங்க, கீழ ஓட்டையில கசியற வரைக்கும். இப்ப தட்டுங்க. மொதல்ல பளபளப்பு, அப்புறம் கல்லு சாயும், மண்ணு கஞ்சி மாதிரி கீழ நகரும்.

ஏன்னு கேட்டா, படியில அரிசி அளந்து பக்கத்துல ரெண்டு தட்டு தட்டினா மட்டம் எறங்கும்ல, லூசான மண்ணும் குலுங்கினா அதே மாதிரி நெருங்கப் பாக்கும். நடுவுல தண்ணி நெறைஞ்சிருந்தா நெருங்க எடம் இல்ல, தண்ணி வெளிய ஓடணும், ஆனா வண்டல் வழிய அடைச்சுக்கும், டீ வடிகட்டியில டஸ்ட் அடைக்கற மாதிரி. அதனால மேல இருக்கற பாரம் தண்ணி மேல ஏறிடும், மணல் ஒண்ண ஒண்ணு புடிச்ச புடி விட்டுப் போகும். சமதளத்துல குலுங்கினா அங்கிட்டும் இங்கிட்டும் ஆடும், சரிவுல ஏற்கனவே கீழ இழுப்பு இருக்கறதால ஒவ்வொரு குலுக்கலுக்கும் ரெண்டு நூல் கீழ போகும், திரும்ப மேல வராது. 1965ல நியூமார்க்னு ஒரு அமெரிக்க இன்ஜினியர் இந்த நகர்வ கணக்கு போட ஒரு முறையே சொல்லியிருக்கார்.

குலுக்கல் நின்னதும் தப்பிச்சோம்னு நெனைக்காதீங்க. கலிபோர்னியாவுல 1971ல லோயர் சான் பெர்னாண்டோ அணை, மணலும் வண்டலும் தண்ணியோட கொட்டிக் கட்டினது, குலுக்கல் நின்னு அரை நிமிஷம் போல கழிச்சுதான் சரிஞ்சுது. செங்குத்தா இருக்கணும்னும் இல்ல, 2018 நிலநடுக்கத்துல இந்தோனேசியாவுல பாலுங்கற நகரத்துல ரோடு மாதிரி லேசான சரிவுலயே சில குடியிருப்புங்க பூரா நகந்து போச்சு.

ஸ்டெப் 5: அதே மண்ண அமுக்கிப் பாருங்க

இத விட்டுடாதீங்க. அதே மண்ண லேசான ஈரத்தோட, இஞ்சு இஞ்சா போட்டு கட்டையால இடிச்சு நெரப்பி, தண்ணி விட்டு மறுபடி தட்டுங்க. ரொம்பக் கம்மியாதான் நகரும், ஏன்னா நெருங்க இனி எடமே இல்ல.

இப்ப உங்க எடத்துக்குப் போய் பாருங்க. வீட்டுக்குப் பின்னாடி வெட்டின மண்ணு எங்க போச்சு? முன்னாடி பள்ளத்துல தள்ளி, மட்டம் பண்ணி, கார் நிறுத்த எடம்னு சொல்லியிருப்பாங்க, பாதி வீடே அது மேல உக்காந்திருக்கும். வெட்டின பாதிய விட இடிக்காம கொட்டின பாதியதான் நான் பயந்து பாப்பேன், ட்ரேல லூசா கொட்டினது அதுதானே. அங்க தரையில நீளமா விரிசல் இருக்கா, பாத்ரூம் தண்ணி அதுக்குள்ள எறங்குதான்னு பாருங்க, எறங்கினா குழாய் போட்டு வெளிய கொண்டு போங்க. சந்தேகம் இருந்தா மண் இன்ஜினியர கூப்பிட்டுக் காட்டணும், ட்ரே வெச்சு வீட்ட முடிவு பண்ண முடியாது.

தடுப்புச் சுவர்ல தண்ணி ஓட்டையும் பாருங்க. போன மழையில எங்க சுவர்ல ஒண்ணு காஞ்சே கெடந்துச்சு, பரவால்ல தண்ணி இல்லன்னு நெனச்சேன். கம்பிய விட்டுக் குத்தினதும் அரை மணி நேரம் செம்மண் தண்ணியா கொட்டுச்சுங்க.