வெயில், மழை, மலைக்குளிர்: டூரிங் ஜாக்கெட் எப்படிப் பார்த்து வாங்குவது?

மே மாதம் சென்னையிலிருந்து பைக்கில் ஊட்டிக்கு விடிவதற்கு முன்பே கிளம்பினாலும் வேலூர் தாண்டும்போது வெயில் முதுகில் ஏறிவிடும். கிருஷ்ணகிரி, சேலம், அவிநாசி வரை அதே கொதிப்பு. மேட்டுப்பாளையத்தில் டீ குடித்துவிட்டுக் குன்னூர் ஏறினால் பாதி வழியில் கோடை மழை. ஊட்டி போய்ச் சேரும்போது பல் தந்தியடிக்கும். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர், ஊட்டி 2,240 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி குறையும். அதாவது 50 கிலோமீட்டர் சொச்சத்தில் 12 டிகிரி காணாமல் போகிறது.

இந்த மூன்றையும் ஒரே ஜாக்கெட் தாங்க வேண்டும் என்றுதான் புதிதாக வாங்குபவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். கடைக்காரரும் உள்ளே மழைக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று என்று கழற்றி மாட்டும் இரண்டு லைனர் (உள்ளுறை) வைத்த ‘ஆல் சீசன்’ ஜாக்கெட் ஒன்றை எடுத்துப் போடுவார். நான் அதை வாங்கச் சொல்ல மாட்டேன். வெயிலுக்கும், விழுந்தால் தோல் உரியாமல் இருப்பதற்கும் ஜாக்கெட். மழைக்கு அதன் மேலே ஒன்று. குளிருக்கு அதன் உள்ளே ஒன்று. மூன்றும் தனித்தனி. ஏன் என்று போகப் போகச் சொல்கிறேன்.

ஹெல்மெட், கையுறை, பூட்ஸ் ஏற்கெனவே இருக்கின்றன என்று வைத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் ஜாக்கெட் காசை முதலில் அங்கே செலவழியுங்கள்.

படி 1: எங்கே, எந்த மாதம்

அடுத்த ஒரு வருடத்தில் நிஜமாகவே போகப்போகும் பாதைகளை மட்டும் யோசியுங்கள். லடாக் கனவு இப்போதைக்கு வேண்டாம். தமிழ்நாட்டுக்குள் சுற்றுபவருக்கு ஓட்டும் நேரத்தில் பெரும்பகுதி சமவெளிச் சூட்டில்தான் கழியும். மலை கடைசி இரண்டு மணி நேரம். எனவே வெயிலை வைத்தே முடிவெடுக்க வேண்டும்.

விதிவிலக்கு உண்டு. பொள்ளாச்சியிலோ கோவையிலோ இருந்துகொண்டு ஜூன், ஜூலையில் வால்பாறை பக்கமே அடிக்கடி போகிறவர் என்றால் தென்மேற்குப் பருவமழைதான் உங்கள் பிரச்சினை. மேல்துணியோடு நீர்புகா சவ்வை ஒட்டிய லேமினேட் ஜாக்கெட் உங்களுக்குச் சரியாக வரும். விலை கடிக்கும், சேலம் வெயிலில் வேகவும் வைக்கும். ஆனால் நீங்கள் சேலம் போகப்போவதில்லையே.

படி 2: உள்ளே தைத்திருக்கும் லேபிளைப் படியுங்கள்

நிறம், டிசைன் பார்க்கும் முன் ஜாக்கெட்டைத் திறந்து லேபிளைத் தேடுங்கள். ‘சி.இ. சான்று பெற்றது’ என்று, அதாவது ஐரோப்பியத் தரச் சான்று இருப்பதாக, அட்டையில் போட்டிருப்பார்கள். எது சான்று பெற்றது, தோள், முழங்கையில் இடி தாங்க உள்ளே வைத்திருக்கும் தகடான ஆர்மரா, ஜாக்கெட் முழுவதுமா? விலை குறைந்த பலவற்றில் ஆர்மருக்கு மட்டும்தான் சான்று இருக்கும். துணி தார் ரோட்டில் உரசும்போது எவ்வளவு தாங்கும், தையல் பிரியுமா என்பதை யாரும் சோதித்திருக்க மாட்டார்கள்.

முழு ஜாக்கெட்டுக்கான ஐரோப்பியத் தரம் இ.என். 17092. பைக் ஓட்டுபவர் படமும் அருகில் ஏஏஏ, ஏஏ, ஏ என்று ஏதாவது ஒரு வகுப்பும் லேபிளில் இருக்கும். அதிகம் உரசும் இடங்களின் துணியைச் சோதனை இயந்திரத்தில் ஏஏஏ வகுப்புக்கு மணிக்கு 120 கிலோமீட்டருக்கு இணையான வேகத்திலும், ஏஏ வகுப்புக்கு 70, ஏ வகுப்புக்கு 45 வேகத்திலும் உரசிப் பார்க்கிறார்கள். அந்த வேகம் வரை ஒன்றும் ஆகாது என்று அர்த்தமில்லை. ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட ஓர் அளவுகோல், அவ்வளவுதான். ஏஏஏ பெரும்பாலும் ரேஸ் லெதர். காற்றுப் புகும் வலைத்துணியான மெஷ் ஜாக்கெட்டில் ஏ வகுப்பு சாதாரணமாகக் கிடைக்கும், தேடினால் ஏஏ வகுப்பும் கிடைக்கும். நெடுஞ்சாலையில் போகிறவர் தேடிப் பார்ப்பது நல்லது. சி வகுப்பு என்று இருந்தால் அது ஆர்மரைத் தாங்கிப் பிடிக்கும் உள்சட்டை. தனியாகப் போட்டு ஓட்டுவதற்கல்ல.

ஆர்மருக்குத் தனித் தரம். தோள், முழங்கைக்கு இ.என். 1621-1. ஒரே அளவு இடி விழும்போது உடம்புக்குக் கடந்து வரும் விசை லெவல் 1 ஆர்மரில் சராசரி 35 கிலோநியூட்டனுக்குள், லெவல் 2 ஆர்மரில் 20-க்குள் இருக்க வேண்டும். முதுகுக்கு இ.என். 1621-2, அங்கே லெவல் 1 என்றால் 18, லெவல் 2 என்றால் 9.

ஜாக்கெட்டின் முதுகுப் பக்கம் உள்ளே தைத்திருக்கும் பையைத் திறந்து கையை விட்டுப் பாருங்கள். நிறைய ஜாக்கெட்டில் அங்கே இருப்பது முதுகுக் கவசமே இல்லை, இடத்தை அடைக்க வைத்த வெறும் ஸ்பாஞ்சுத் தகடு. இந்தத் தர எண் அச்சிடாத தகடு எதுவாக இருந்தாலும் கணக்கில் சேர்க்காதீர்கள். லெவல் 2 முதுகுக் கவசம் தனியாக வாங்கிப் பொருத்தலாம். பையின் நீள அகலத்தை அளந்துகொண்டு வாங்குங்கள், இல்லையென்றால் நுழையாது.

படி 3: வெளித்துணி

மெஷ். ஆனால் முழு மெஷ் வேண்டாம். நெஞ்சு, கையின் உட்புறம், முதுகின் நடுப்பகுதி மெஷ்ஷாகவும், தோளும் முழங்கையும் கெட்டித் துணியாகவும் இருப்பதைப் பாருங்கள். விழுந்தால் முதலில் தரையில் படுவது அவைதான். ‘600 டீனியர்’ என்பது நூலின் பருமன் மட்டுமே. 600 டீனியர் பாலியஸ்டரைவிட 500 டீனியர் கார்டுரா நைலான் உரசலை அதிகம் தாங்கும். எண்ணை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம்.

காற்றுச் சூடு தோலின் சூட்டைத் தாண்டிவிட்டால், அதாவது 35 டிகிரிக்கு மேல், மெஷ் வழியே வருவது அனல். வியர்வை காய்வதால்தான் குளிர்ச்சி கிடைக்கும். அதனால் பங்க்கில் நிறுத்தும்போதெல்லாம் உள்ளே போட்டிருக்கும் டி-ஷர்ட்டை நனைத்துக்கொள்ளுங்கள். கிருஷ்ணகிரி, கரூர் பக்கத்து வறண்ட வெயிலில் இது அருமையாக வேலை செய்யும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈரக்காற்று என்பதால் அவ்வளவு பலன் இருக்காது.

நிறம் உங்கள் இஷ்டம். நான் வெளிர் சாம்பல் கட்சி. கறுப்பு அழுக்கைக் காட்டாது, ஆனால் பொழுது சாய்ந்த பிறகு பின்னால் வரும் லாரிக்காரருக்கு உங்களையும் காட்டாது.

படி 4: வண்டி மேல் உட்கார்ந்து பாருங்கள்

கடைக் கண்ணாடி முன் நின்றுகொண்டு ஜாக்கெட் அளவு பார்ப்பதில் பயனில்லை. முதல் ஜாக்கெட்டை ஆன்லைனில் வாங்காதீர்கள். சென்னையில் ஜி.பி. ரோடு பக்கம் போனால் நாலைந்து பிராண்டைப் போட்டுப் பார்க்கலாம். உங்கள் வண்டியிலேயே போய், வாசலில் வண்டி மேல் உட்கார்ந்து ஹேண்டிலைப் பிடித்துப் பாருங்கள். வேண்டாம் என்று சொல்கிற கடையில் வாங்க வேண்டாம்.

கை நீட்டிய நிலையில் சட்டைக்கை மணிக்கட்டுக்கு மேல் ஏறக்கூடாது. இடுப்பில் முதுகு தெரியக்கூடாது. ஹெல்மெட்டைப் போட்டுத் தலையைத் திருப்பும்போது காலர் இடிக்கக்கூடாது. அப்புறம் முக்கியமானது: கூட வந்தவரை உங்கள் முழங்கை ஆர்மரைப் பிடித்துச் சுற்றச் சொல்லுங்கள். அது முட்டியை விட்டுப் பக்கவாட்டில் நகர்ந்தால், ரோட்டில் உரசும்போதும் நகரும். லெவல் 2 ஆனாலும் இடம் மாறிய ஆர்மர் சும்மா.

‘ஆல் சீசன்’ ஜாக்கெட்டின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. உள்ளே குளிர் லைனர், மழை லைனர் இரண்டையும் போட்டுப் பார்த்து அளவு எடுத்தால், வெயிலில் இரண்டையும் கழற்றியதும் ஜாக்கெட் தொளதொள. ஆர்மர் ஊசலாடும். லைனர் இல்லாமல் அளவு எடுத்தால், மலையில் லைனர் போட்டதும் மூச்சு முட்டும். கைப்பட்டைகளை இறுக்கிச் சமாளிக்கலாம், ஓரளவுக்குத்தான். டி-ஷர்ட்டுக்கு மேல் கச்சிதமாகவும், உள்ளே மெல்லிய ஃப்ளீஸ் (கம்பளி மாதிரியான செயற்கைத் துணி மேலாடை) ஒன்று நுழையும் அளவுக்கும் இருந்தால் அதுதான் உங்கள் அளவு.

படி 5: மழை

மழை லைனரை ஜாக்கெட்டுக்கு உள்ளே ஜிப் போட்டு மாட்ட வேண்டும். குன்னூர் ரோட்டில் ஒரு கொண்டை ஊசி வளைவு தாண்டி மழை பிடிக்கிறது என்று வையுங்கள். ஓரம் கட்டி, பையைத் திறந்து, ஜாக்கெட்டைக் கழற்றி, லைனரைத் தேடி, கையில் உள்ள கொக்கிகளை மாட்டி, ஜிப் போட்டு, மறுபடி அணிவதற்குள் உள்சட்டை நனைந்துவிடும். சோம்பல்பட்டு ‘அடுத்த வளைவில் மழை நின்றுவிடும்’ என்று ஓட்டிக்கொண்டே போவதுதான் நடக்கிறது.

மாட்டிவிட்டாலும் தொல்லை தீராது. நீர் உள்ளே வராது, சரி. ஆனால் வெளித்துணி முழுக்கத் தண்ணீரைக் குடித்துவிடும். ஜாக்கெட் கனக்கும். ஈரத்துணியில் காற்று அடிக்க அடிக்க அது உடம்புச் சூட்டை உறிஞ்சும். வெளிப்பாக்கெட்டில் இருக்கும் ஆர்.சி., லைசென்ஸ், போன் எல்லாம் நனையும். மறுநாள் காலை ஊட்டியில் அதே ஈர ஜாக்கெட்டைப் போட்டுப் பாருங்கள், தெரியும்.

மேலே போடும் ரெயின் ஜாக்கெட் அரை நிமிட வேலை. உள்ளே எல்லாம் காய்ந்தே இருக்கும். மழை இல்லாவிட்டாலும் மலையில் அதைப் போட்டுக்கொண்டால் காற்று மெஷ்ஷுக்குள் புகாது. பாதிக் குளிர் அங்கேயே போய்விடும். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் வெளியே போடும் வகைதான் வாங்குவேன்.

வாங்கும்போது டூரிங் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, அதன் மேல் போட்டுப் பாருங்கள். வழக்கமான அளவைவிட ஒன்றோ இரண்டோ கூடும். தையல் ஓரங்களில் உட்புறம் டேப் ஒட்டியிருக்க வேண்டும். முன் ஜிப்புக்கு மேல் மடிப்பு வேண்டும். கறுப்பு வேண்டவே வேண்டாம். கீழே இருக்கும் ஜாக்கெட்டின் பிரதிபலிக்கும் பட்டைகளை இது மூடிவிடுகிறது, மழையில் பார்வையும் மங்கல். பேண்ட் தனியாக இருக்கும் செட் எடுங்கள். போஞ்சோ பறக்கும், சக்கரத்தில் சிக்கும். பேண்ட்டின் வலது காலை சைலன்சரில் படாமல் கட்டுங்கள், பட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும்.

ரெயின் ஜாக்கெட்டின் கை, கையுறைக்கு வெளியே வர வேண்டும். உள்ளே விட்டால் கையில் வழியும் தண்ணீர் நேராகக் கையுறைக்குள் இறங்கும். இந்த மழை செட்டைப் பையில் எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள்.

பயணத்துக்கு முன் ஒரு சோதனை. வெளிர் நிறப் பருத்திச் சட்டையின் மேல் ரெயின் ஜாக்கெட்டைப் போட்டு, பாத்ரூம் ஷவரின் கீழ் ஹேண்டிலைப் பிடித்த மாதிரி கை நீட்டி, குனிந்து, பத்து நிமிடம் உட்காருங்கள். வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். எங்கே ஒழுகுகிறது என்று சட்டை காட்டிக்கொடுக்கும். பெரும்பாலும் கழுத்து, இல்லையென்றால் வயிற்றருகே தண்ணீர் தேங்கும் இடம். ஒழுகினால் மாற்றிக்கொள்ள இன்னும் நேரம் இருக்கும்.

படி 6: குளிர்

10 டிகிரியில் மணிக்கு 60 கிலோமீட்டர் காற்று பட்டால் உடம்புக்கு 5 டிகிரி மாதிரி இருக்கும். காற்றை ரெயின் ஜாக்கெட் பார்த்துக்கொள்கிறது. உள்ளே ஒரு ஃப்ளீஸ் போதும். ஜாக்கெட்டோடு வரும் குளிர் லைனரைவிட ஃப்ளீஸ் எனக்குப் பிடிக்கக் காரணம், இறங்கிய பிறகும் அதைப் போட்டுக்கொண்டு சாப்பிடப் போகலாம். லைனரைப் போட்டுக்கொண்டு ஓட்டலுக்குள் போக முடியாது, ஏதோ மெத்தை உறையைப் போர்த்தியது போல இருக்கும்.

உடம்பை ஒட்டி இருப்பது பருத்தி பனியனாக இருக்கக்கூடாது. அடிவாரம் வரை வியர்த்து நனைந்த பருத்தி லேசில் காயாது, மலையில் அதுவே குளிரை ஏற்றும். சீக்கிரம் காயும் பாலியஸ்டர் டி-ஷர்ட் இரண்டு எடுத்துக்கொண்டு, மேட்டுப்பாளையத்தில் ஒன்றை மாற்றிக்கொள்ளுங்கள். அவிநாசியிலிருந்து திருப்பூர் பக்கம்தான். பின்னலாடை ஊருக்கு அவ்வளவு அருகே போகிறவர் இதைப் பெரிய பிராண்ட் விலைக்கு வாங்க வேண்டியதில்லை.

பணம்

ராய்னாக்ஸ், வியாடெரா, ராய்டா போன்ற இந்திய பிராண்டுகளிலேயே இப்போது நல்ல மெஷ் ஜாக்கெட்டுகள் இருக்கின்றன. முதல் ஜாக்கெட்டுக்கு வெளிநாட்டு பிராண்டைத் தேட வேண்டாம். பட்ஜெட் இடித்தால் லேபிளிலும் முதுகுக் கவசத்திலும் கை வைக்காதீர்கள். ஃப்ளீஸில் மிச்சம் பிடியுங்கள், வீட்டில் இருக்கும் பழைய ஸ்வெட்டரே போதும். பழைய ஜாக்கெட் கைமாற்றி வாங்குவதானால் அது விழுந்த வண்டியில் இருந்ததா என்று கேளுங்கள். தோள், முழங்கைத் தையல்களை விரித்துப் பாருங்கள்.

பிற்சேர்க்கை: ‘ரெயின் ஜாக்கெட் ஒழுகுகிறது’ என்று சிலர் எழுதினார்கள். ஷவர் சோதனையில் ஒழுகவில்லை, ரோட்டில் மட்டும் உள்ளே ஈரம் என்றால் அது உங்கள் வியர்வை. சமவெளி மழையில் இது தவிர்க்க முடியாதது. மழை நின்றதும் கழற்றிவிடுங்கள், கீழே உள்ள மெஷ் பத்து இருபது கிலோமீட்டரில் காய்ந்துவிடும்.

இன்னொன்று: பெண்கள், ஆண்கள் அளவில் சின்னது எடுத்தால் போதும் என்று கடையில் சொல்வதை நம்பாதீர்கள். தோள் அகலமாகவும் இடுப்பு இறுக்கமாகவும் அமைந்து, தோள் ஆர்மர் கைக்கு இறங்கிவிடும். பெண்களுக்கென்றே வெட்டிய ஜாக்கெட்டுகள் இருக்கின்றன. கடையில் இல்லையென்றால் வரவழைத்துத் தரச் சொல்லுங்கள்.

துவைப்பது பற்றியும் கேட்டிருந்தார்கள். ஆர்மர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, கையால், லேசான சோப்பில் அலசுங்கள். மெஷின் வேண்டாம், நேர் வெயிலும் வேண்டாம். எடுப்பதற்கு முன் ஒவ்வொரு ஆர்மரும் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று போனில் படம் எடுத்துவையுங்கள். முழங்கைத் துண்டு தலைகீழாகவும் பைக்குள் நுழையும், ஆனால் முட்டியில் உட்காராது.