எக்ஸ்பெக்டேஷன் என்னன்னு கேட்டா எறங்கிப் போற குரல்

போன வாரம் எங்க டீமுக்கு ஆள் எடுக்க பேனல்ல உக்காந்தேன். ஒரே நாள்ல ஆறு பேர். டெக்னிக்கல் கேள்விக்கெல்லாம் பட்டு பட்டுன்னு பதில் சொன்ன பசங்க, கடைசில ஹெச்ஆர் "எக்ஸ்பெக்டேஷன் என்ன"ன்னு, அதாவது எவ்ளோ சம்பளம் எதிர்பாக்குறீங்கன்னு, கேட்டதும் குரல் எறங்கி, எச்சில் முழுங்கி, நெளிய ஆரம்பிச்சுட்டாங்க. நானும் ஒரு காலத்துல இப்படி நெளிஞ்சவன்தான், அதான் அந்த எடத்துல நாம பண்ற தப்புங்கள எழுதுறேன். டைமுக்கு போங்க, பேர்ல ஸ்பெல்லிங் பாருங்கங்கறதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுடுறேன்.

"உங்க நார்ம்ஸ் படி பாத்து குடுங்க சார்"

ஆட்டோல எறங்கும்போது டிரைவர் "பாத்து குடுங்க"ன்னு சொன்னா நாம எவ்ளோ குடுப்போம்? அதேதான்.

மொட்டையா "ஆறு லட்சம்"னு சொல்றது

இது மட்டும் இன்னிக்கும் எனக்கு கடுப்பாகும், ஏன்னா இதுல நான் காசு விட்டிருக்கேன். மொத தடவை கம்பெனி மாறும்போது கிண்டில ஒரு இடத்துல கேட்டாங்க, நானும் ரொம்ப பணிவா "ஆறு லட்சம் மேடம்"னேன், அவங்க உடனே ஓகேன்னுட்டாங்க. உடனே ஓகே சொல்றாங்களேன்னு அப்பவே யோசிச்சிருக்கணும். நான் பன்னெண்டால வகுத்து மாசம் அம்பதாயிரம்னு அம்மாகிட்ட சொல்ல, அம்மா அத தெரு பூரா சொல்லி முடிச்சாச்சு. மொத மாசம் அக்கவுண்ட்ல விழுந்தது முப்பத்தெட்டாயிரத்து சொச்சம். ஏதோ தப்பு நடந்துடுச்சுன்னு ஹெச்ஆர்கிட்ட சண்டைக்கு வேற போனேன், அவங்க சிரிக்காம ஆஃபர் லெட்டரோட கடைசி பக்கத்த எடுத்து காட்டினாங்க. நான் அந்த பக்கத்த தொறந்தே பாக்கல.

எங்க போச்சுன்னு பாருங்க. 6,00,000 ங்கறது சிடிசி, அதாவது உங்களால கம்பெனிக்கு ஆகுற மொத்த செலவு. அதுல 10% வேரியபிள்னு (வேலைய பாத்து பின்னாடி குடுக்குற பகுதி) வெச்சா 60,000 அங்கயே ஓரமா போயிடும், அது எப்ப வரும், முழுசா வருமாங்கறது அவங்க கையில. பேசிக் (அடிப்படை சம்பளம்) மாசம் 20,000னா கம்பெனி பங்கு பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) 12%, வருஷத்துக்கு 28,800. கிராஜுவிட்டி (பணிக்கொடை) பேசிக்ல 4.81%, அது 11,544, பொதுவா அஞ்சு வருஷம் முடிக்காம கெளம்பினா இது கைக்கு வராது, ஆனா உங்க சம்பளம்னு கணக்குல எழுதியிருப்பாங்க. குரூப் இன்சூரன்ஸ்னு ஒரு 6,000. மிச்சத்த பன்னெண்டால வகுத்தா 41,138. அதுலேந்து உங்க பங்கு பிஎஃப் 2,400 போகும், புரொஃபஷனல் டாக்ஸ் (தொழில் வரி) போகும். கையில 38,500 கிட்ட நிக்கும். (சில கம்பெனில பிஎஃப்ப 15,000 பேசிக்கோட நிறுத்தி 1,800 தான் புடிப்பாங்க, அப்ப கொஞ்சம் மாறும்.) பிஎஃப் உங்க காசுதான், எங்கயும் ஓடிடாது, ஆனா வாடகைய பிஎஃப்ல குடுக்க முடியாதுல்ல.

அதனால நம்பரோட "ஃபிக்ஸட்"னு (வேரியபிள் இல்லாம நிச்சயமா வர்ற பகுதி) ஒரு வார்த்தை சேத்து சொல்லுங்க. "ஃபிக்ஸட் மட்டும் ஆறரை எதிர்பாக்குறேன் மேடம், வேரியபிள் அதுக்கு மேல தனியா இருந்தா நல்லாருக்கும். ரோல் புடிச்சிருக்கு, கொஞ்சம் முன்ன பின்ன பேசலாம்." இவ்ளோதான். இதுல மரியாதை கொறைவா ஏதாவது இருக்கா? இல்லையே. அப்புறம் "சாலரி பிரேக்கப் ஒண்ணு மெயில் பண்ண முடியுமா"ன்னு கேளுங்க, கோச்சுக்கவே மாட்டாங்க, அவங்களுக்கு அது ஒரு எக்செல் ஷீட்டு.

"முப்பது பர்சென்ட் ஹைக்"னு (சம்பள உயர்வு) கேக்கறவங்களும் இதே குழிலதான் விழறாங்க. எதுக்கு மேல முப்பது? பழைய சிடிசில வராத வேரியபிளும் இருந்துச்சுல்ல, புதுசுலயும் இருக்கும். ஃபிக்ஸட ஃபிக்ஸடோட வெச்சு பாருங்க.

வீட்டுக் கஷ்டம் சொல்றது

ஒரு தம்பி, நல்ல பையன், தங்கச்சி கல்யாணம், அப்பாவுக்கு ஆபரேஷன், பைக் இஎம்ஐன்னு வரிசையா சொன்னான். எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஆனா பட்ஜெட் ஷீட்ல அதுக்கு கட்டம் கெடையாது. ஹெச்ஆர் மேல போய் கேக்கணும்னா அவங்களுக்கு ஒரு காரணம் வேணும், "இந்த பையன் தனியா ரிலீஸ் பாத்துக்குவான், நைட் சப்போர்ட் எடுத்திருக்கான்" மாதிரி. அத நீங்கதான் எடுத்து குடுக்கணும்.

பழைய சம்பளத்த ஏத்தி சொல்றது

மூணு மாச பேஸ்லிப் கேப்பாங்க. முடிஞ்சுது.

நம்பர் சொல்லிட்டு வாய மூடாம இருக்கறது

"ஆறரை மேடம்"னு சொன்னான் ஒருத்தன். ஹெச்ஆர் எழுதிக்கிட்டு இருந்தாங்க, ஒரு நாலு செகண்ட் சத்தமில்ல. "இல்ல ஆறுன்னாலும் ஓகேதான் மேடம்"னான். அப்பவும் அவங்க தல நிமிரல. "அஞ்சே முக்கால் வரைக்கும் கூட..." பேனா மை வரலன்னு அந்தம்மா உதறிக்கிட்டு இருந்தாங்கப்பா, வேற ஒண்ணுமே இல்ல.