தூர்தர்ஷன், ஆகாசவாணிச் செய்திகளின் நடுநிலையை நீங்களே அளந்து பார்ப்பது எப்படி?

தூர்தர்ஷனும் ஆகாசவாணியும் ஆளுங்கட்சியின் ஊதுகுழல்கள் என்று சொல்பவர்களுக்கும், அரசுப் பணத்தில் நடப்பவை வேறெப்படி இருக்கும் என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுபவர்களுக்கும் நம்மிடையே பஞ்சமில்லை. இரு தரப்பாரிடமும் பெரும்பாலும் இல்லாதது கணக்கு. ஒரு நோட்டுப் புத்தகமும், கைப்பேசியில் உள்ள நிறுத்துக் கடிகாரமும், இரண்டு வாரப் பொறுமையும் இருந்தால் எந்தக் குடிமகனும் அந்தக் கணக்கை எடுத்துவிட முடியும்.

எதை வைத்து அளப்பது என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். உங்கள் மனத்தில் உள்ள நியாய உணர்வு அளவுகோல் ஆகாது. தூர்தர்ஷனையும் ஆகாசவாணியையும் நடத்தும் நிறுவனமான பிரசார் பாரதிக்கான சட்டமே அந்த அளவுகோலைத் தந்திருக்கிறது. 1990-இல் நிறைவேறி 1997-இல் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, பொதுநலன் சார்ந்த எல்லாச் செய்திகளையும் சுதந்திரமாகவும் உண்மையாகவும் புறவய நோக்கோடும் அறிந்துகொள்ளும் குடிமக்களின் உரிமையைக் காப்பதும், தனக்கென ஒரு கருத்தையோ கொள்கையையோ முன்னிறுத்தாமல் மாறுபட்ட கருத்துகளையும் உள்ளடக்கிய சமநிலையான தகவலை வழங்குவதும் இந்நிறுவனத்தின் கடமை என்கிறது. 23-ஆம் பிரிவையும் படித்துவிடுங்கள். நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, பொது ஒழுங்கு ஆகியவற்றை முன்னிட்டு, ஒன்றை ஒலிபரப்பும்படியோ ஒலிபரப்பாமல் விடும்படியோ ஒன்றிய அரசு ஆணையிடலாம் என்றும், அத்தகைய ஆணை ஒவ்வொன்றின் நகலும் நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட வேண்டும் என்றும் அது சொல்கிறது. அதாவது, சட்டப்படி தலையிடும் வழி ஒன்று வெளிப்படையாகவே இருக்கிறது. தொலைபேசியில் வாய்மொழியாகச் சொல்லப்படுவதற்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை.

அடுத்தது, எதைக் கேட்பது என்ற தேர்வு. ஒருநாள் செய்தியைக் கேட்டுவிட்டு முடிவுக்கு வருவது வீண் வேலை. அன்று பிரதமர் வெளிநாட்டில் இருந்திருக்கலாம், அல்லது எதிர்க்கட்சியின் மாநாடு நடந்திருக்கலாம். தினமும் ஒரே நேரத்தில் வரும் ஒரு மாநிலச் செய்தி அறிக்கையையும், ஒரு தேசியச் செய்தி அறிக்கையையும் தேர்ந்தெடுத்து, இரண்டு வாரம் விடாமல் கேளுங்கள். வானொலிச் செய்திகளின் எழுத்து வடிவமும் ஒலிப்பதிவும் இணையத்தில் ஏற்றப்படுவதால், தவறவிட்டதைப் பின்னர் சரிபார்த்துக்கொள்ளலாம். தேர்தல் அறிவிப்பு வந்த பிறகு இரண்டு வாரமும், தேர்தல் இல்லாத காலத்தில் இரண்டு வாரமும் எடுத்து ஒப்பிட்டால் இன்னும் நல்லது.

ஒவ்வொரு செய்திக்கும் அது எத்தனை நொடி வந்தது, அறிக்கையில் எத்தனையாவது இடம், யாரைப் பற்றியது, அவருடைய சொந்தக் குரல் ஒலித்ததா அல்லது வாசிப்பவர் சுருக்கிச் சொன்னாரா என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியாகச் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஓர் அமைச்சரின் பேச்சு நாற்பது நொடி அவர் குரலிலேயே வந்து, அதற்கு எதிர்க்கட்சித் தலைவர் சொன்ன மறுப்பு வாசிப்பவரின் ஒரே வரியில் முடிந்துபோனால், இரு தரப்பும் இடம்பெற்றதாகக் காகிதத்தில் காட்டலாம். கேட்டவர் நினைவில் தங்குவது அமைச்சரின் குரல்தான். வினைச்சொற்களையும் ஓரத்தில் எழுதி வையுங்கள்: ஒருவர் எப்போதும் ‘விளக்கம் அளிக்கிறார்’, இன்னொருவர் எப்போதும் ‘சாடுகிறார்’ என்றால், இரண்டு வாரத்தில் அது பட்டியலாகவே உங்கள் கண்முன் நிற்கும்.

கணக்கெடுப்பில் உண்மையாகவே கடினமான இடம், அரசையும் ஆளுங்கட்சியையும் பிரிப்பது. பிரதமரும் முதலமைச்சரும் எதிர்க்கட்சித் தலைவரைவிட அதிகம் செய்தியில் வருவது இயல்பு, முடிவெடுப்பவர்கள் அவர்கள். ஆகவே அவர்கள் பெயர் வந்த நொடிகளையெல்லாம் கூட்டி ‘பார்த்தீர்களா’ என்று காட்டினால், பிரசார் பாரதி அதிகாரி ஒருவர் ஒரே வாக்கியத்தில் உங்கள் கணக்கைத் தள்ளிவிடுவார். அதற்கு நான் பரிந்துரைக்கும் வழி, ஆட்சியில் இருப்பவர் பற்றிய ஒவ்வொரு செய்தியையும் மூன்றில் ஒன்றாக வகைப்படுத்துவது. மக்களைப் பாதிக்கும் முடிவு ஒரு வகை: வரி மாற்றம், வெள்ள நிவாரணம், நீட் தேர்வுத் தேதி போன்றவை. இதில் எவ்வளவு நேரம் போனாலும் குறை சொல்ல முடியாது. அடிக்கல், திறப்பு விழா, கொடியசைப்பு ஆகியவை இரண்டாம் வகை. இவை செய்திதான், ஆனால் எவ்வளவு நேரத்துக்குச் செய்தி என்பது கேள்விக்குரியது. மூன்றாவது கட்சிப் பேச்சு. துறைமுகத் திட்டத்தைத் தொடங்கிவைத்த மேடையிலேயே முந்தைய ஆட்சியைத் தாக்கிப் பேசினால், தொடங்கிவைத்த பகுதி இரண்டாம் வகையிலும், தாக்கிய பகுதி மூன்றாம் வகையிலும் போக வேண்டும். சார்பு பெரும்பாலும் இரண்டாவதும் மூன்றாவதும் முதல் வகையின் உடுப்பைப் போட்டுக்கொண்டு வருவதில்தான் இருக்கிறது.

ஒன்றியத்தில் ஒரு கட்சியும் மாநிலத்தில் வேறொரு கட்சியும் ஆளும் காலத்தில், இன்னொரு சோதனையும் கைகொடுக்கும். ஏறத்தாழ ஒரே அளவுள்ள இரண்டு திட்டங்களை, ஒன்றிய அரசுடையது ஒன்று, மாநில அரசுடையது ஒன்று என எடுத்து, இரண்டுக்கும் கிடைத்த இடத்தை ஒப்பிடுங்கள். மாநிலத்தின் குரல் எப்படி நடத்தப்படுகிறது என்ற கேள்வி வெறும் கற்பனையன்று. 2017 சுதந்திர தினத்தன்று, திரிபுராவின் அன்றைய முதலமைச்சர், மார்க்சிஸ்ட் கட்சியின் மாணிக் சர்க்காரின் உரையை மாற்றித் தரும்படி தூர்தர்ஷனும் ஆகாசவாணியும் கேட்டதும், அவர் மறுத்ததால் அது ஒலிபரப்பாகாமல் போனதும் நாடறிந்தவை. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 2014 அக்டோபரில், ஆர்.எஸ்.எஸ். தலைவர் மோகன் பாகவத்தின் விஜயதசமி உரையைத் தூர்தர்ஷன் நேரலையாகவே காட்டியது.

வந்ததை அளப்பதோடு வராததையும் அளக்க வேண்டும். அரசியல் நிலைப்பாட்டில் ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு நாளிதழ்களை வாங்கி, இரண்டிலுமே முதல் பக்கத்தில் வந்த செய்திகளைக் குறித்துக்கொண்டு, அவற்றில் எவை உங்கள் செய்தி அறிக்கையில் இல்லை என்று பாருங்கள். எதிரெதிர் முகாம்கள் இரண்டும் முக்கியம் என்று கருதியதைப் பொது ஒலிபரப்பாளர் மட்டும் காணவில்லை என்றால் அது தற்செயலாக இருப்பது அரிது. தாமதமும் ஒருவகை மறைப்பே: 1984 அக்டோபர் 31 அன்று இந்திரா காந்தியின் மரணத்தை பி.பி.சி. சொல்லிப் பல மணி நேரம் கழித்து, மாலையில்தான் ஆகாசவாணி அறிவித்தது. 1977 பிப்ரவரியில் டெல்லி ராம்லீலா மைதானத்தில் எதிர்க்கட்சிகளின் பெருங்கூட்டம் நடந்த நாளில், மக்கள் வீட்டிலேயே இருக்கட்டும் என்று புகழ்பெற்ற இந்திப் படம் ஒன்றைத் தூர்தர்ஷன் ஒளிபரப்பியதாகச் சொல்லப்படும் கதையும் நினைவுக்கு வருகிறது. செய்தி நேரத்தை மட்டும் அளப்பவர் கண்ணுக்கு இப்படிப்பட்டது தப்பிவிடும்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஓர் எச்சரிக்கை. சரிபாதி நேரமே நடுநிலை என்று எண்ணிவிடாதீர்கள். 2017 ஆகஸ்டில் பி.பி.சி.யின் ரேடியோ 4 காலை நிகழ்ச்சியில், பிரிட்டனின் முன்னாள் நிதியமைச்சர் லாசன் கடந்த பத்தாண்டுகளில் உலக வெப்பநிலை உயரவில்லை என்று சொன்னதை யாரும் மறுத்துக் கேட்கவில்லை. அது செய்தித் துல்லியம் பற்றிய விதியை மீறியது என்று ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் 2018-இல் தீர்ப்பளித்தது. மாற்றுக் கருத்துக்கு இடம் தருகிறோம் என்ற பெயரில் பிழையான தகவலைச் சும்மா விட்டுவிடுவதும் கேட்பவருக்குச் செய்யும் துரோகம்தான்.

தேர்தல் காலத்தில் கணக்கு சற்று மாறும். அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்குத் தேர்தல் ஆணையம் ஒதுக்கும் இலவசப் பிரசார நேரத்தைச் செய்தி நேரத்தோடு சேர்க்காதீர்கள். அடிப்படை நேரம் எல்லாருக்கும் சமம், கூடுதல் நேரம் முந்தைய தேர்தலில் பெற்ற வாக்கைப் பொறுத்தது. ஆனால் அந்த உரைகள் எப்படித் திருத்தப்படுகின்றன என்பதைக் கவனியுங்கள். 2024 மக்களவைத் தேர்தலின்போது, மார்க்சிஸ்ட் கட்சியின் சீதாராம் யெச்சூரியும் பார்வர்டு பிளாக்கின் தேவராஜனும் தம் உரைகளிலிருந்து சில சொற்களை நீக்கும்படி கேட்கப்பட்டார்கள். தேர்தல் ஆணைய விதிகளைப் பின்பற்றியதாகவே பிரசார் பாரதி தரப்பு சொன்னது. செய்தி நேரத்தைப் பொறுத்தவரை, ஆளுங்கட்சிக்குச் சாதகமாக அரசு ஊடகங்களைப் பயன்படுத்தக் கூடாது என்று தேர்தல் ஆணையத்தின் மாதிரி நடத்தை விதிகளின் ஏழாம் பகுதி சொல்கிறது. 2019 மார்ச் 31 அன்று பிரதமர் மோடியின் ‘நானும் காவலன்’ தேர்தல் பிரசார நிகழ்ச்சியைத் தூர்தர்ஷன் நேரலையில் காட்டியபோது தேர்தல் ஆணையம் விளக்கம் கேட்டது.

உங்களையும் அளந்துகொள்ளுங்கள். அரசியலில் உங்களுக்கு நேர் எதிரான நண்பர் ஒருவரை அதே செய்தி அறிக்கைகளைத் தனியாக வகைப்படுத்தச் சொல்லி, இரண்டு நோட்டுகளையும் ஒப்பிடுங்கள். முரண்படும் பதிவுகளைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். அரசு ஊடகத்தில் தலையிடும் நோய் ஒரு கட்சிக்கு மட்டும் உரியதன்று. 2014-இல் காங்கிரஸ் கூட்டணி ஆட்சியில், நரேந்திர மோடியுடனான தூர்தர்ஷன் பேட்டியின் சில பகுதிகள் வெட்டப்பட்டதும், அதையொட்டித் தங்களுக்குப் போதிய தன்னாட்சி இல்லை என்று பிரசார் பாரதியின் அன்றைய தலைமைச் செயல் அதிகாரி ஜவஹர் சர்க்கார் எழுதியதும் பதிவாகி இருக்கின்றன.

கணக்கு கைக்கு வந்ததும் அதை எங்கே கொடுப்பது? புகார்களை விசாரிக்க ஒலிபரப்பு மன்றம் ஒன்று வேண்டும் என்று பிரசார் பாரதி சட்டமே சொல்லியிருந்தாலும், அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். இலங்கையில், தேர்தல் ஆணைக்குழுவின் வழிகாட்டுதலை அரச வானொலியோ அரச தொலைக்காட்சியான ரூபவாஹினியோ மீறினால், அரசியல் ஒலிபரப்பின் நிர்வாகத்தைக் கையில் எடுக்கத் தகுதிவாய்ந்த அதிகாரி ஒருவரை நியமிக்கும் அதிகாரத்தை அரசியலமைப்பே அந்த ஆணைக்குழுவுக்குத் தந்திருக்கிறது. நம் தேர்தல் ஆணையத்துக்கு அப்படி ஒரு பிடி இல்லை. ஆகவே தேர்தல் காலமானால் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரிக்கும், மற்ற காலங்களில் ஒன்றிய அரசின் குறைதீர்ப்பு இணையதளம் வழியாகவும் எழுதுங்கள். ‘தூர்தர்ஷன் ஒருதலைப்பட்சமாக இருக்கிறது’ என்று எழுதாமல், தேதி, அறிக்கையின் நேரம், நொடிக் கணக்கு, 12-ஆம் பிரிவின் எந்தக் கடமை மீறப்பட்டது என்பவற்றை மட்டும் எழுதுங்கள்.

அதோடு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி ஒரு மனுவும் போடுங்கள். ‘ஏன் காட்டவில்லை’ என்று கேட்டால், காரணம் சொல்வது எங்கள் வேலையன்று என்று பதில் வரும். குறிப்பிட்ட நாளின் செய்தி அறிக்கை நகல், கட்சிவாரி நேரக் கணக்குப் பதிவேடு, 23-ஆம் பிரிவின் கீழ் வந்த ஆணைகளின் நகல் என்று, இருக்கக்கூடிய ஆவணங்களைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ, வந்தது மழுப்பலாக இருந்தாலோ, அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். அதுவும் பலிக்கவில்லை என்றால், தொண்ணூறு நாளுக்குள் மத்தியத் தகவல் ஆணையத்துக்குப் போகலாம்.